ஊதா போவதற்குள் முடிய வேண்டிய வாக்கியம்

1

“அதுல பனி எதுக்குடி?”

“ஒரு மூடுக்கு.”

“ஸ்டெஃபைலோகாக்கஸுக்கு என்னடி மூடு? அது மனுஷன் மூக்குல குடியிருக்கற கிருமி. மூக்குல பனி பெய்யுமா?”

“சரி, ரயில் நிலையமாவது இருக்கட்டுமா?”

“அதுவும் வேணாம். வீடு வை. வீடுன்னா எனக்கு மறக்காது. அப்புறம், எல்லாரையும் கொத்தா நிக்க வை. வரிசையா நிக்க வெச்சிடாத. வரிசையா நின்னா அது வேற குடும்பம்.”

“கொத்தான்னா?”

“கல்யாண போட்டோவுக்கு நிக்கற மாதிரி. ஒருத்தர் தோள்ல ஒருத்தர் இடிச்சிக்கிட்டு, பின்னாடி இருக்கறவன் எட்டிப் பாத்துக்கிட்டு.”

இந்தக் கதை இப்படித்தான் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கனவில் யாரும் வந்து சொல்லவில்லை. என் அம்மாவின் தங்கை, அதாவது என் சித்தி, சமையலறைத் தொட்டிப் பக்கத்தில் நின்றுகொண்டு, “நீதான் எந்நேரமும் கதைப் புத்தகத்துல கெடக்கறியே, எனக்கு ஒண்ணு எழுதிக் குடு” என்றாள். எவ்வளவு நீளம் என்று கேட்டேன். எல்லா எழுத்தாளர்களும் எதிர்பார்க்கும் பதில் ‘உன் இஷ்டம்’. சித்தி சொன்ன பதில்: “ரெண்டு நிமிஷம், கொஞ்சம் மேல.”

நான் முதலில் எழுதிய தொடக்கம் இது: ‘பனி பெய்துகொண்டிருந்த அந்த ரயில் நிலையத்தில், ஒரே முகம் கொண்ட சகோதரர்கள் ஒன்பது பேர், எந்த ரயிலுக்காகக் காத்திருக்கிறோம் என்பதை மறந்துபோய்’

[இதற்கு மேல் எழுத விடவில்லை. மேலே உள்ள உரையாடல் அப்போது நடந்ததுதான்.]

2

சித்தி ஒரு சிறிய ரத்தப் பரிசோதனை நிலையத்தின் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். பெயர் என்ன, வயது என்ன, வெறும் வயிறா, சாப்பிட்டாச்சா என்று கேட்டு, குப்பியில் சீட்டு ஒட்டி உள்ளே அனுப்புவது அவள் வேலை. உள்ளறையில் ஜன்னலோரம் ஒரு மைக்ராஸ்கோப். அதன் முன்னால் சுழலும் உயரமான ஸ்டூல் ஒன்று. மேலுறை கிழிந்து, காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியையே குறுக்காக ஒட்டியிருப்பார்கள். சித்திக்கு அந்த ஸ்டூல்மேல் ஒரு கண். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் மாலை வகுப்பில் லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்துவிட்டாள். எழுத்துத் தேர்வுகளைத் தாண்டியாகிவிட்டது. செய்முறைத் தேர்வில் மட்டும் ஒருமுறை கோட்டைவிட்டாள். நிலையத்து டாக்டர் நல்லவர்தான். ஆனால் அவரும் சொல்லிவிட்டார்: இந்த முறை தேறினால் ஸ்டூல் உங்களுக்கு, இல்லையென்றால் வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான்.

தேர்வில் கொடுப்பது ஒரு கண்ணாடித் துண்டு. ஸ்லைடு. அதில் யாரென்று சொல்லாமல் ஏதோ ஒரு கிருமியைப் பூசியிருப்பார்கள். அதன்மேல் நான்கு திரவங்களை வரிசையாக ஊற்ற வேண்டும். முதலில் ஊதாச் சாயம், ஒரு நிமிடம். அடுத்து அயோடின், ஒரு நிமிடம். அடுத்து ஆல்கஹால், சில நொடிகள், அவ்வளவுதான். கடைசியில் ரோஸ் சாயம். நடுநடுவே குழாய்த் தண்ணீரில் அலச வேண்டும். பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ஊதாவை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் ஒரு கட்சி: கிராம் பாசிட்டிவ். ஊதாவை விட்டுவிட்டு ரோஸ் ஆனவர்கள் எதிர்க்கட்சி: கிராம் நெகட்டிவ். பாக்டீரியா உலகத்தின் முதல் தேர்தல் இதுதான் என்று சித்தியின் பாடப்புத்தகத்தைப் படித்துப் புரிந்துகொண்டேன்.

எல்லாச் சிக்கலும் மூன்றாவது திரவத்தில். ஆல்கஹாலைக் குறைவாக விட்டால் எல்லாரும் ஊதா. கூடுதலாக விட்டால் ஊதாக்காரர்களும் வெளுத்து, ரோஸ் சாயத்தை வாங்கிக்கொண்டு, கூசாமல் எதிர்க்கட்சியில் போய் நிற்பார்கள்.

“நிறம் ஓடறது நின்னதும் நிறுத்துன்னு புக்ல போட்டிருக்கான்” என்றாள் சித்தி. “நின்னுதா நிக்கலையான்னு நான் உத்துப் பாக்கறதுக்குள்ள எல்லாம் போயிடுது.”

“எண்ணிப் பாக்க வேண்டியதுதானே?”

“போன தடவ எண்ணினேன். போன், வாட்ச் எல்லாம் வெளிய வெக்கச் சொல்லிட்டாங்க. சுவத்துக் கடிகாரத்துல நொடிமுள்ளு இல்ல. ஏழுல இருந்தேன். பக்கத்துல ஒரு பொண்ணு சத்தமா மூணுன்னா. நானும் நாலுன்னேன்.”

இதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் தொட்டி விளிம்பிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

எண்தான் சித்தியிடம் நிற்காது. கதை நிற்கும். பள்ளியில் படித்தபோது பார்த்த நாடகத்தை இன்றைக்கும் வசனத்தோடு நடித்துக் காட்டுவாள். அதனால் அவள் கண்டுபிடித்த வழி இது: ஒவ்வொரு திரவத்துக்கும் ஒரு பத்தி. பத்தி முடிந்தால் குழாயைத் திற. நான் எழுதப்போவது கதை அல்ல, கடிகாரம்.

3

கடைசியில் ஒத்துக்கொள்ளப்பட்ட பிரதி. மெதுவாக, முணுமுணுக்கும் வேகத்தில் படிக்கவும்.

ஊதா: ‘ஒரு தெரு. தெருவில் இரண்டு விதமான வீடுகள். சில வீட்டுக்குச் சுவர் தடிமன், ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். சில வீட்டுக்குச் சுவர் மெல்லிசு, உள்ளே இருமினால் பக்கத்து வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவருவார்கள். ஒரு நாள் ஊதாச் சட்டை போட்ட விருந்தாளிகள் வந்தார்கள். கூப்பிடாமலே வந்தார்கள். தடிமன் வீட்டிலும் நுழைந்தார்கள், மெல்லிசு வீட்டிலும் நுழைந்தார்கள். நாற்காலி மிச்சமில்லை. படியிலும் ஊதா, மாடியிலும் ஊதா, பார்த்த இடமெல்லாம் ஊதா, தெருவே ஊதா.’

குழாய்.

அயோடின்: ‘அப்போது அத்தை வந்தாள். பழுப்புப் புடவை, கையில் பெரிய கரண்டி. இன்னும் கொஞ்சம் என்றாள். வேண்டாம் என்றார்கள். எனக்காக என்றாள். சாப்பிட்டார்கள். இன்னும் ஒரு வாய் என்றாள். வயிற்றில் இடமில்லை என்றார்கள். இடம் நாமாகப் பார்த்து உண்டாக்குவதுதான் என்றாள். சாப்பிட்டார்கள். ஒல்லியாக வந்த விருந்தாளிகள் ஒவ்வொருவரும், அத்தை கையால் சாப்பிட்டுச் சாப்பிட்டு, வந்த வாசல் வழியாகத் திரும்பிப் போக முடியாத அளவுக்குப் பருத்தார்கள்.’

குழாய்.

ஆல்கஹால்: ‘கதவு திறந்தது, செருப்பைத் தேடினார்கள், போக முடிந்தவர்கள் போனார்கள், போதும்.’

குழாய், உடனே.

ரோஸ்: ‘காலியான நாற்காலிகளில் ரோஸ் சட்டைக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். நிரம்பிய வீட்டுக்கும் போனார்கள், ஆனால் அந்தக் கூட்டத்தில் அவர்களை யார் கவனித்தார்கள்?’

* அயோடின் உண்மையிலேயே இதைத்தான் செய்கிறது. ஊதாச் சாயத்தோடு சேர்ந்து அதைப் பெரிதாக்குகிறது. தடித்த சுவருக்குள் அகப்பட்ட ஊதா வெளியே வர முடியாமல் நின்றுவிடுகிறது. மெல்லிய சுவரை ஆல்கஹால் எளிதில் ஓட்டையாக்கிவிடுவதால் எவ்வளவு பருத்தவரும் அங்கே வழுக்கிக்கொண்டு வெளியேறிவிடுவார். அத்தையை மட்டும் நான் சேர்த்தேன்.

[சித்தி ஓரத்தில் எழுதியது: அத்தை யாருன்னு தெரியும். உங்க அப்பாவோட அக்கா. படிச்சா என்ன ஆகும் தெரியுமா?]

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் படித்து வளர்ந்த நாவல்களில் மனிதர்களை நிறம் பார்த்து, வடிவம் பார்த்து இரண்டாகப் பிரிப்பவன்தான் வில்லன். அவனுடைய வேலையை என் சித்தி ஏன் ஆசைப்பட்டுப் படிக்கிறாள்?

உருண்டையாக இருந்தால் காக்கஸ். கோல் போல இருந்தால் பேசில்லஸ். வளைந்திருந்தால் விப்ரியோ, காற்புள்ளி மாதிரி ஒன்று. திருகாணி மாதிரி சுருண்டும் சிலர் உண்டு. உருண்டைகளிலேயே கொத்தாக நிற்பவர்கள் ஒரு குடும்பம், மாலை கோத்ததுபோல் நிற்பவர்கள் இன்னொரு குடும்பம். பார்த்தும் சந்தேகமா, ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விடு: கொத்துக் குடும்பம் சோடாவைப் போலப் பொங்கும், மாலைக் குடும்பம் சும்மா இருக்கும். எந்தக் கட்சியிலும் சேராதவர்களும் இருக்கிறார்கள். காசநோய்க் கிருமி மெழுகுச் சட்டை போட்டுக்கொண்டிருக்கும். இந்த ஊதா விருந்தை எட்டிக்கூடப் பார்க்காது. அதற்குத் தனிச் சாயம், சூடாக்கிக் கொடுக்க வேண்டும். [எனக்கு இவரைத்தான் கதாநாயகனாக்க ஆசை. சித்தி: “என் பரீட்சைல அவர் வரமாட்டார். உன் நாவல்ல வெச்சுக்க.”]

சந்தேகத்தைச் சித்தியிடமே கேட்டேன்.

“ஏன் சித்தி, உசுருள்ள ஒண்ணப் பெட்டி பெட்டியா பிரிச்சுப் போடறது உனக்குக் கஷ்டமா இல்லையா?”

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளின் சீருடை ஒரு அடுக்கு, கைக்குட்டை ஒரு அடுக்கு.

“ஒருத்தருக்குக் கழுத்து திருப்ப முடியாம, காய்ச்சல் கொதிக்குதுன்னு வை. முதுகுத்தண்டுலேருந்து தண்ணி எடுத்து அனுப்பறாங்க. அதுல இருக்கறது இன்னாருன்னு முழுப் பேர் தெரிய ரெண்டு நாளாகும். எந்தக் கட்சின்னு தெரிய அஞ்சு நிமிஷம். எந்த மருந்த ஆரம்பிக்கறதுன்னு டாக்டர் அந்த அஞ்சு நிமிஷத்துக்காக வாசல்ல நிக்கறார். பெட்டின்னு நீ சொல்ற. கதவ எந்தப் பக்கம் தட்டணும்னு சொல்றேன்னு நான் நெனச்சுக்கறேன்.”

ஒரு காலுறையை எடுத்துப் பார்த்தாள். ஜோடி கிடைக்கவில்லை. “இது மெழுகுச் சட்டை” என்று தனியாக வைத்தாள்.

அன்றிலிருந்து எனக்கு இந்தக் கதைமேல் நம்பிக்கை வந்தது.

5

சித்தப்பாவைப் பற்றி ஒரு பத்தி எழுதியே ஆக வேண்டும். அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். ஒத்திகைக்கு அவர்தான் குழாய். வீட்டுத் தொட்டியில் சித்தி வெறும் தண்ணீரைச் சொட்டு சொட்டாக விட்டுக்கொண்டு கதையை முணுமுணுப்பாள். பத்தி முடிந்ததும் சித்தப்பா குழாயைத் திறக்க வேண்டும். இரண்டு நாளில் அவருக்கும் கதை மனப்பாடமாகிவிட்டது.

“என்னை எந்த வகைல சேப்ப?” என்று கேட்டார் ஒருமுறை.

“உக்காந்திருந்தா காக்கஸ். சோபால நீட்டிப் படுத்தா பேசில்லஸ்.”

“காலைல ஆறு மணிக்கு எழுப்பும்போது?”

“சுருளி.”

[எழுத்தாளர் குறிப்பு: இந்தப் பத்தியால் கதை ஓர் அங்குலம்கூட நகரவில்லை. எடுக்க மனமில்லை.]

6

இனி வருவதுதான் கதையின் திருப்பம். இதில் நானே ஒரு பாத்திரம்.

மூன்றாவது வாக்கியம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ‘கதவு திறந்தது, செருப்பைத் தேடினார்கள், போக முடிந்தவர்கள் போனார்கள், போதும்.’ இவ்வளவு பெரிய விருந்து, இவ்வளவு பெரிய பிரிவு, அதற்கு ஒரு வரியா? அந்த வாரம் நான் படித்துக்கொண்டிருந்த மொழிபெயர்ப்பு நாவலில் ஒருவர் வீட்டை விட்டுப் புறப்பட நான்கு பக்கம் ஆகியிருந்தது. ஒரு மாலையில் உட்கார்ந்து அந்த வரியைத் திருத்தினேன். புதிய பிரதியைச் சித்தியிடம் கொடுத்தேன். அவள் மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டாள்.

‘கதவு மெல்லத் திறந்தது, அந்தத் திறப்பின் வழியே மாலை வெயில் அழைக்கப்படாத இன்னொரு விருந்தாளியைப் போல உள்ளே வந்து நின்றது, போகவும் மனமில்லாமல் இருக்கவும் இடமில்லாமல் அவர்கள் செருப்பைத் தேடினார்கள், கிடைத்தது தன்னுடையதுதானா என்று ஐயுற்றார்கள், ஏனெனில் நீண்ட விருந்துக்குப் பின் யாருக்கும் தன் கால்கள் பழைய கால்களாக இருப்பதில்லை, பிறகு எதையோ சொல்ல மறந்தவர்களாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார்கள், போனார்கள், போய்க்கொண்டே இருந்தார்கள், போதும்.’

ஞாயிற்றுக்கிழமை மதியம் பரிசோதனை நிலையத்துக்கு விடுமுறை. டாக்டர் சாவி கொடுத்திருந்தார். உண்மையான சாயங்களோடு கடைசி ஒத்திகை. எதையும் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு நான் கதவோரம் ஒரு நாற்காலியில். சித்தி வெள்ளைக் கோட்டு போட்டு, கையுறை மாட்டி, யாரென்று நன்றாகத் தெரிந்த ஒரு கொத்துக் குடும்பத்தை ஸ்லைடில் எடுத்துக்கொண்டாள். கதை ஓடியது. என் வாக்கியத்தை அவள் ஒரு காற்புள்ளி விடாமல் சொன்னாள். எனக்குப் புல்லரித்தது.

ஸ்லைடைக் காயவைத்து, எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஸ்டூலின் நுனியில், பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும், கண்ணை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை.

“கொத்துக் கொத்தா இருக்கு” என்றாள்.

“சூப்பர்.”

“எல்லாம் ரோஸ்.”

அவள் ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டாள். கையுறையைக் கழற்றவில்லை, முகத்தைத் துடைக்கவும் முடியாமல் கைகளைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“தெரிஞ்ச கிருமிக்கே இப்படி ஆகுதுன்னா, தெரியாததுக்கு என்ன பண்ணுவேன்? எனக்கு சீட்டு ஒட்டற வேலதான் எழுதியிருக்கு போல.”

அந்த ‘போல’வை என்னால் தாங்க முடியவில்லை. நீங்களும் அங்கே இருந்திருந்தால் எதையாவது செய்திருப்பீர்கள். நான் செய்தது, போனை எடுத்து நொடிக் கடிகாரத்தை ஓடவிட்டு, “மூணாவது வரிய மட்டும் இன்னொரு தடவ சொல்லு சித்தி” என்றதுதான்.

சொன்னாள். பாதியிலேயே இருவருக்கும் புரிந்துவிட்டது. ஆனாலும் மரியாதைக்காகக் கடைசி ‘போதும்’ வரை சொல்லி முடித்தாள்.

“அடிப்பாவி” என்றாள் சித்தி. “உன் கமாதான்டி என் ஊதாவ எல்லாம் கழுவிடுச்சு.”

“நீயாவது நீளமா இருக்குன்னு சொல்லியிருக்கலாம்ல?”

“எழுத்தாளி சொன்னா சரியா இருக்கும்னு நெனச்சேன். அதுவும் அந்தக் கால் வர்ற எடம் ரொம்ப நல்லா இருந்துச்சு.”

என் வாழ்க்கையில் கிடைத்த முதல் நல்ல விமர்சனம் இது. அடுத்த நொடி இருவரும் சிரிக்க ஆரம்பித்தோம். சித்தி சிரிப்பை நிறுத்த சுவரைப் பிடிக்கப் போய், கையுறை ஞாபகம் வந்து, பிடிக்காமலே சிரித்தாள்.

7

வெட்டியவை: மாலை வெயில். ஐயுறவு. திரும்பித் திரும்பிப் பார்த்தல். ‘ஏனெனில்’ என்று தொடங்கி

கால்கள்.

[அதை வெட்டும்போது பேனா சற்றுத் தயங்கியது உண்மை.]

பழைய வரி திரும்பி வந்தது. அதே ஞாயிறு, அதே குடும்பம், புதிய ஸ்லைடு. ‘போதும்’ என்ற சொல்லோடு சித்தியின் கை குழாய்க்குப் போனது. இந்த முறை அவள் என்னைக் கூப்பிட்டு, எதையும் தொடாமல் கண்ணை மட்டும் வைக்கச் சொன்னாள். வட்டமான வெளிச்சம். அதில் ஊதாத் திராட்சைகள், ஒன்றன் தோளை ஒன்று இடித்துக்கொண்டு. பின்னால் ஒன்று எட்டிப் பார்ப்பதுபோல்கூட எனக்குத் தோன்றியது. அதைச் சித்தியிடம் சொல்லவில்லை.

8

முடிவுகள்.

அ. சித்தி தேறுகிறாள். அடுத்த நாள் ஸ்டூலில் ஏறி, யாரும் பார்க்காதபோது ஒரு முழுச் சுற்று சுற்றுகிறாள்.

ஆ. சித்தி தேறவில்லை. வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் வெறும் வயிறா என்று கேட்கிறாள். ஆனால் கேட்கும்போது அவள்

[இதை எழுத மாட்டேன்.]

இ. லென்ஸின் அடியில் இருக்கும் ஊதா உருண்டை ஒன்று தலை நிமிர்ந்து, மேலே தெரியும் மிகப் பெரிய கண்ணைப் பார்த்து, ‘இது எந்த வகை?’ என்று யோசிக்கிறது.

மூன்றாவதைக் கேட்டுச் சித்தி சொன்னது: “அது செத்து, தீயில காட்டி, கண்ணாடியில ஒட்டியாச்சு. யோசிக்காது. முதலாவது நல்லா இருக்கு. ஆனா ஒரு சுத்து போதாது.”

இதுவரை எழுதியதைச் சித்தி படித்துவிட்டாள். இனி வருவதைப் படிக்கவில்லை. ஏனென்றால் அவள் இப்போது உள்ளே இருக்கிறாள்.

9

தேர்வுக்கூடத்துக்கு வெளியே தாழ்வாரத்தில் ஒரு மரப் பெஞ்சு. என் மடியில் சித்தியின் கைப்பை, அவளுடைய வாட்ச், அவளுடைய போன். தலைக்கு மேலே கம்பி வலை போட்ட ஜன்னல், காற்றுக்காகத் திறந்தே இருக்கிறது. எக்கிப் பார்த்தால் நீளமான கல்மேசையும் தொட்டிகளும் தெரிகின்றன. கடைசித் தொட்டியில் சித்தி. வெளியூரிலிருந்து வந்திருக்கும் தேர்வாளர் அம்மா, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் பின்னாலும் சத்தமில்லாமல் போய் நிற்கிறார்.

சித்தப்பா பேருந்தை ஓரமாக நிறுத்திவிட்டுப் போன் செய்தார்.

“எங்க இருக்கா?”

“அத்தை சாப்பாடு போட்டுட்டு இருக்காங்க.”

“சரி சரி. நான் வெக்கறேன்.”

குழாய்ச் சத்தம். நின்றது. இனி மூன்றாவது வரி. உதடு அசைவது மட்டும் தெரிகிறது. தேர்வாளர் அம்மா நடந்துவந்து சரியாகச் சித்தியின் தோளுக்குப் பின்னால் நிற்கிறார். யாரோ பக்கத்தில் சத்தமாக ஒன்பது, பத்து என்று எண்ணுகிறார்கள். கதவு திறந்தது. சித்தி திரும்பவில்லை. செருப்பைத் தேடினார்கள். நான் இங்கே பெஞ்சில் அவளோடு சேர்ந்து உதட்டை அசைக்கிறேன், நீங்களும் அசைத்தால் நல்லது. போக முடிந்தவர்கள் போனார்கள்.

போதும்.

குழாய்.

பிறகு ரோஸ், பிறகு தண்ணீர், பிறகு ஸ்லைடு காய்வதற்காக எல்லாரும் காத்திருக்கும் அந்த நேரம். சித்தி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். தாளில் எதையோ எழுதினாள். எழுதியதை அடிக்கவில்லை. அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை, நான் எழுதியதை அடித்துக்கொண்டே இருப்பவள். இப்போது தேர்வாளர் அம்மா குனிகிறார். கண்ணாடி தலையிலிருந்து நழுவ, ஒரு கையால் பிடித்துக்கொண்டு கண்ணை வைக்கிறார். ஸ்லைடை ஒரு பக்கம் நகர்த்துகிறார். மறுபக்கம் நகர்த்துகிறார். என்ன நிறம் என்று இந்த ஜன்னலிலிருந்து தெரியாது. மூன்று முடிவுகளையும் மேலேயே வைத்திருக்கிறேன், உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். நான் இந்த வாக்கியத்தை முடிக்காமல் இழுத்துக்கொண்டிருப்பது, முடித்தால் அவர் தலை நிமிர்ந்துவிடுவாரோ என்ற பயத்தில்தான்

நிமிர்ந்துவிட்டார்.

தாளைப் பார்த்தார். சித்தியைப் பார்த்தார்.

“வந்ததுலேருந்து என்னமோ முணுமுணுத்துக்கிட்டே இருந்தீங்களே, என்னம்மா அது?”

சித்தி ஜன்னல் பக்கம் பார்த்தாள். கைகள் கோட்டுப் பைக்குள் போய்விட்டன.

தேர்வாளர் அம்மா பக்கத்துத் தொட்டிக்கு அடியிலிருந்த ஸ்டூல் ஒன்றைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எனக்குச் செருப்பு மட்டுந்தான் காதுல விழுந்துச்சு. அதுக்கு முன்னாடி என்ன வருது? கொஞ்சம் சத்தமா, முதல்லேருந்து சொல்லுங்களேன்.”